சிவியர் எப்படி மைல்டு ஆயிற்று

“மைல்டுதான் டீச்சர், பயப்பட ஒண்ணுமில்ல” என்று டாக்டர் சொன்ன அன்று, என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பேக்கரிக்குப் போய் மக்ரூன் வாங்கிவந்து தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். சில வாரங்களுக்கு முன்னால் அதே டாக்டர், அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “சிவியர்” என்று சொல்லியிருந்தார். அதே நோய், அதே உடம்பு. சிவியர் எப்படி இத்தனை சீக்கிரம் மைல்டு ஆகும்? மக்ரூன் தின்ற ஒருத்தருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. எனக்கு வந்தது.

என் சுபாவம் அப்படி. நான் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாத பிள்ளைக்கு முழு மார்க் போட்டதே இல்லை. “விடை வந்துட்டுல்லா மிஸ்” என்று வாதாடுகிற பிள்ளையிடம், “வந்தது சரி, எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்பேன். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இப்போது எனக்கே ஒரு நல்ல விடை வந்திருந்தது. வழியைத்தான் காணோம்.

இதெல்லாம் பித்தப்பைக் கல்லில் ஆரம்பித்தது. எடுத்துவிட வேண்டும், சின்ன ஆபரேஷன்தான் என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்து, “குறட்டை விடுவீங்களா?” என்றார். “சே, இல்லை” என்றேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துச் சிரித்தார். “என்ன சார்?” என்று டாக்டர் கேட்டதும், “ஹார்பர்ல கப்பல் ஊதும்லா சார், அது நம்ம வீட்டுக்குள்ள” என்றார். நல்ல மனுஷன், எங்கே எதைச் சொல்வதென்று தெரியாது. பகலில் தூக்கம் வருகிறதா என்று அடுத்த கேள்வி. அதில் பொய் சொல்ல முடியவில்லை. கோயிலில் பிரசங்கம் ஆரம்பித்தால் எனக்கு ஆமென் வரைக்கும் ஒன்றும் தெரியாது. போன பருவத் தேர்வில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்க, கண்காணிக்கப் போன நான் நாற்காலியில் தூங்கிவிட்டேன். தலைமை ஆசிரியை வாசலில் வந்து நின்று இருமின பிறகுதான் விழித்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இப்படித்தான் நெஞ்சு நோய் டாக்டரிடம் வந்து சேர்ந்தேன். நிதானமான பெண்மணி. ஸ்லீப் ஆப்னியா என்றால் என்னவென்று அவர்தான் விளக்கினார். தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வருமாம். நிற்கும்போதெல்லாம் மூளை ஆளை உலுக்கும், தூங்குகிறவளுக்கு அது தெரியாது, காலையில் மட்டும் கண்ணே மூடாதவள் போல எழுந்திருப்பாள். மயக்க மருந்துக்காரர் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. ஆபரேஷன் முடிந்து மல்லாந்து கிடக்கும்போது, மருந்து மயக்கத்தில் நின்ற மூச்சு தானாகத் திரும்பி வராமல் போகலாம். அதனால் நோய் எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவர் யாரையும் கத்தியைத் தொடவிட மாட்டார்.

முதல் சோதனை ஆஸ்பத்திரியில் நடந்தது. தலையெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்கப் போட்டார்கள். அது பெண்கள் பக்கம் என்பதால் என் வீட்டுக்காரரை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். சிவியர் என்று வந்தது. மூக்கில் மாஸ்க் மாட்டி, குழாய் வழியே காற்றடிக்கும் மிஷினோடு தினமும் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி, மாதிரிக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். யானைக் குட்டி போல இருந்தது. நான் முடியவே முடியாது என்றேன். “பக்கத்து ரூம்ல இருமல், நர்ஸ் வாரதும் போறதும், தலையெல்லாம் பிசின். அது என் தூக்கமே இல்லை டாக்டர். என் வீட்டுல, என் கட்டில்ல எடுங்க. அப்பவும் இதையே சொன்னா ஒத்துக்கிடுதேன்” என்று பிடிவாதம் பிடித்தேன்.

அவரும் இறங்கிவந்தார். டெக்னீஷியன் ஒருவர் வீட்டுக்கு வந்து, நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, மூக்கில் குழாயும் விரலில் கிளிப்பும் மாட்டிவிட்டார். “வழக்கமா எப்படித் தூங்குவீங்களோ அப்படியே தூங்கணும். எதையும் மாத்தக்கூடாது” என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஞானஸ்நானத்தில் நிற்கும் ஞானப் பெற்றோர் போல பயபக்தியோடு தலையாட்டினார். மறுநாள் பெட்டி போயிற்று. மைல்டு என்று வந்தது. மிஷின் வேண்டாம், உடம்பைக் குறையுங்கள், ஒருக்களித்துப் படுங்கள், ஆபரேஷன் செய்யலாம் என்று நானே எழுதிக்கொடுக்கிறேன் என்று டாக்டர் சொல்லி, கடிதமும் கொடுத்துவிட்டார். அதற்குத்தான் மக்ரூன்.

நான் கேட்டபடியே சோதனை நடந்து, நான் ஆசைப்பட்டபடியே முடிவும் வந்திருக்கிறது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் காலையில் எழுந்தால் தலை கல்லாகக் கனத்தது. பாத்ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால்தான் கண் தெளியும். மைல்டு என்றால் எனக்கு ஏன் இப்படி இருக்கிறது? பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதுகூட அதே நினைப்பு. முதல் சோதனை தப்பா, இரண்டாவது தப்பா? இரண்டாவது தப்பென்றால், தப்பான மார்க்கை வாங்கிக்கொண்டு நான் ஆபரேஷன் மேசையில் போய்ப் படுக்கப்போகிறேன். எனக்குப் பயமாக இருந்தது. வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

“திரும்ப டாக்டரைப் பாக்கணும்” என்றேன் வீட்டில்.

“நல்லதுதானளா சொல்லியிருக்காவ. இதுலயுமா சண்டைக்கு நிப்ப?”

“சண்டை இல்ல. சந்தேகம்.”

“ஒனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு அவர் சட்டையைத் தேடப் போனார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புன்னைக்காயல்காரர். சின்ன வயதிலேயே சரக்குத் தோணியில் ஏறி, கடைசியில் தோணிக்குத் தலைவராக, இங்கே சொல்வதுபோலத் தண்டலாக, மாலத்தீவுக்குக் காய்கறியும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு போய்வந்தவர். முட்டி தேய்ந்தபிறகு கரைக்கு வந்துவிட்டார். கரைக்கு வந்த மனுஷன் பகலெல்லாம் தூங்கினார். சாப்பிட்டதும் தூங்குவார், முடிவெட்டப் போன இடத்தில் தூங்குவார், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் போதும். “கடல்ல விட்ட தூக்கத்தையெல்லாம் வசூல் பண்ணுதீங்களாக்கும்” என்பேன். “ஆமா” என்று சொல்லி மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். அப்படிப்பட்டவர்தான் அன்று என்னோடு ஆட்டோவில் ஏறி, பழைய துறைமுகம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் நான்தான் தட்டி எழுப்பினேன்.

டாக்டரின் மேசைமேல் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

“எது டாக்டர் சரி?”

“ரெண்டும் சரிதான் டீச்சர். ஒவ்வொரு ராத்திரியும் ஒரே மாதிரி இருக்காது. வீட்ல எடுக்கிறதுல சில சமயம் கொஞ்சம் குறைச்சலாகவும் காட்டும்.”

“கொஞ்சமா? நடுவுல மாடரேட்டுன்னு ஒரு படி இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. அதுல கால் வைக்காமலே கீழ குதிச்சிருக்கேனே.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எரிச்சல் வந்திருக்க வேண்டும், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. “உங்களுக்கு மிஷின் வேண்டாம்னுதானே இருந்தது? வேண்டாம்னு வந்திருக்கு. இப்ப என்ன பிரச்சினை?”

“வேண்டாம்னு நான் ஆசைப்பட்டதாலதான் டாக்டர் சந்தேகமா இருக்கு. எனக்குப் பிடிச்ச விடைங்கிறதுக்காகச் சரின்னு சொல்லிர முடியுமா? எனக்கு இன்னும் காலையில தலை தூக்க முடியல. நாளைக்கு அந்த மேசையில மல்லாத்திப் போட்டு, மூச்சு வராம போச்சுன்னா யாரு பொறுப்பு?”

கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவரிடம்கூட நான் இந்தப் பயத்தைச் சொல்லியிருக்கவில்லை.

டாக்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, இந்தத் தடவை அவசரப்படாமல் கேட்டார். அன்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்? எப்போதும் சாப்பிடுகிற இட்லிதான். மாத்திரை ஏதாவது? இல்லை. சளி? இல்லை. “தூக்கத்துல அடிக்கடி புரண்டு படுப்பீங்களா?”

“தூங்குறவளுக்கு அது எப்படி டாக்டர் தெரியும்?”

டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “சார், நீங்க சொல்லுங்க. டீச்சர் தூக்கத்துல புரளுவாங்களா?”

“அவ எங்க டாக்டரம்மா புரளுவா? மரக்கட்டை மாதிரிலா மல்லாந்து கிடப்பா. நான்லா திருப்பிப் போடுதேன்” என்றார், கேட்கவே வேண்டாத கேள்வி மாதிரி.

டாக்டர் தன் நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பினார்.

“எப்ப திருப்புவீங்க?” என்றார் டாக்டர்.

“சத்தம் நின்னா.”

“என்ன சத்தம்?”

“குறட்டைதான். சத்தம் இருக்கிற வரைக்கும் நான் நல்லாத் தூங்குவேன் டாக்டரம்மா. அது நின்னா முழிப்பு வந்துரும். தோணியில அப்படித்தான். நங்கூரம் போட்டுக் கிடக்கும்போது கயிறு முனகிக்கிட்டே இருக்கும். முனகுற வரைக்கும் தூங்கலாம். முனகல் நின்னுச்சுன்னா கயிறு அறுந்திருக்கும், இல்லன்னா நங்கூரம் இழுத்திருக்கும், ஓடிப்போய்ப் பாக்கணும். சத்தம் போட்டு எழுப்புறவன் அங்க கிடையாது. சத்தம் நிக்கிறதுதான் எழுப்பும். எத்தனை வருஷம்! காது அப்படியே பழகிட்டு. இவளுக்குச் சத்தம் நின்னா எந்திச்சு, தோளைப் பிடிச்சு ஒருக்களிச்சுப் போட்டு, முதுகுக்குப் பின்னால தலையாணி வச்சிருவேன். மூச்சு வந்துரும். கொஞ்ச நேரத்துல தலையாணியைத் தள்ளிட்டு மல்லாந்துருவா. திரும்பப் போடுவேன்.”

“சோதனை அன்னைக்குமா?”

“வழக்கம்போல இருக்கணும், எதையும் மாத்தக்கூடாதுன்னு அந்தத் தம்பி சொன்னாருல்லா? நான் எதையுமே மாத்தல.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “பரீட்சை எழுதுறவளுக்குப் பக்கத்துல உக்காந்து விடை சொல்லிக் குடுத்திருக்கீங்க! அந்த மார்க்கைத் தூக்கிட்டுத் தெருவெல்லாம் மக்ரூன் வேற! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“எதைளா சொல்ல? பொண்டாட்டிய ஒருக்களிச்சுப் போட்டதைப் போயி டாக்டர்ட்ட சொல்லுவாகளா? அதுலயும் நான் மருந்தா மாயமா குடுத்தேன்?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, “இதை முன்னாலேயே நான் கேட்டிருக்கணும்” என்று ஒத்துக்கொண்டார். பிறகு, முதல் சோதனை அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அவரிடம் விசாரித்தார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் முகம் மாறியது.

“வெளிய வராந்தாவுல. கதவைச் சாத்திட்டாவ. உள்ள சத்தம் நிக்குது, எனக்குக் கேக்குது. வாட்ச்மேன்ட்ட சொன்னேன். உள்ள எல்லாம் மிஷின் பாத்துக்கிடும், நீங்க தூங்குங்க அண்ணாச்சின்னான். எங்க தூங்க? விடிய விடிய கதவையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன்.”

டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் ஒன்றாக அடுக்கினார். “நீங்க கேட்ட கேள்விக்கு விடை இதுதான் டீச்சர். தனியா படுத்தா உங்களுக்கு சிவியர். இவர் பக்கத்துல படுத்தா மைல்டு.”

நான் அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் திரும்ப என் பக்கம் இழுத்துப் பார்த்தேன்.

டாக்டர் தொடர்ந்தார். ஆபரேஷன் வார்டில் சார் பக்கத்தில் படுக்க முடியாது, மைல்டு என்று எழுதி அனுப்பியிருந்தால் அங்கே யாரும் விசேஷமாகக் கவனித்திருக்கவும் மாட்டார்கள், நீங்கள் திரும்பி வந்து சண்டை போட்டது நல்லதாகப் போயிற்று என்றார். எழுதிக்கொடுத்த கடிதத்தை வாங்கிக் கிழித்துப்போட்டார். ஆஸ்பத்திரியில் இன்னொரு சோதனை வைத்து உறுதி செய்துகொள்ளலாம், ஆனால் மிஷின் இல்லாமல் முடியாது என்றுதான் நினைக்கிறேன் என்றார். நான் முன்போல வேண்டாமென்று குதிப்பேன் என்று எதிர்பார்த்து, “மாஸ்க்ல சின்னதாவும் இருக்கு, பயப்படாதீங்க” என்று சமாதானமும் சொன்னார்.

நான் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. என் வீட்டுக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்து, இப்போதுகூட இமை சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இப்படி எவ்வளவு நாளா?” என்று கேட்டேன்.

“கரைக்கு வந்ததுல இருந்துதான். நான் கடல்ல இருந்தப்ப நீ எப்படிளா தனியா கிடந்த?”

“அப்ப நீங்க எப்பதான் தூங்குவீங்க?”

“பகல்லதான் தூங்குதேன்லா. நீதான் வையுவியே.”

என் கண் நிறைந்துவிட்டது. டாக்டர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். பிறகு, “எழுதுங்க டாக்டர், மிஷினை” என்றேன்.

“இன்னொரு சோதனை வேண்டாமா?”

“அது எப்ப வேணும்னாலும் வைங்க. மிஷின் இன்னைக்கே வேணும். இந்த மனுஷன் தூங்கணும்.”

“எதுக்கு டீச்சர் அதெல்லாம்? நான்தான் இருக்கேன்லா” என்று இழுத்தார் என் வீட்டுக்காரர். நாலு பேர் முன்னால் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், டாக்டர் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“பேசாம இருங்க” என்றேன்.

அடுத்த சோதனையிலும் சிவியர் என்றுதான் வந்தது. ஆபரேஷன் பிறகு நல்லபடியாக நடந்தது. மிஷினையும் கூடவே தூக்கிக்கொண்டு போனேன், கூடவே கொண்டுவந்தேன். நான் சொல்ல வந்தது அதையல்ல. மிஷின் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வந்தேன்.

மாஸ்க் பழகுவதற்கு முதலில் பகலில் போட்டுப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூசைக்குப் போய்வந்து, ஊளி மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தேன். மாஸ்க்கை மாட்டிக்கொண்டதும் முதலில் மூச்சு முட்டுவதுபோல இருந்தது, பிறகு இல்லை. சுவரோரம் அவருக்கு இடம் விட்டிருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

விழித்தபோது அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். படுக்கையில் அவர் பக்கம் கசங்கவே இல்லை. நாற்காலியில், பஸ்ஸில், ஆட்டோவில் தூங்குகிற மனுஷன், தூங்கட்டும் என்று மிஷின் வாங்கிப் போட்டபிறகு தூங்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாஸ்க்கைத் தூக்கி, “என்ன?” என்றேன்.

“சத்தமே இல்லையேளா.”

“அதுக்குத்தானே மிஷின்? குறட்டை வராது, மூச்சும் நிக்காது. டாக்டர் அன்னைக்கே சொன்னாங்கல்லா.”

“சொன்னாவ, சொன்னாவ” என்றார். பிறகு மெதுவாக, “சத்தம் இல்லாம கிடந்தா நீ இருக்கியா இல்லையான்னு எனக்கு எப்படிளா தெரியும்?” என்று கேட்டார்.

கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டு, அவரை இழுத்துப் படுக்கவைத்தேன். கயிறு பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையை எடுத்து என் விலாவில் வைத்துக்கொண்டேன்.

“இங்கன வச்சுக்கிடுங்க. ஏறுதா?”

“ஏறுது.”

“இறங்குதா?”

“ம். இறங்குது.”

“அது போதும். இது நின்னா என்னை எழுப்புங்க. அதுவரைக்கும் தூங்குங்க.”

மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் கை கனத்தது. வாய் லேசாகத் திறந்து, நெற்றிச் சுருக்கமெல்லாம் போய், பார்க்கப் பார்க்கச் சின்னப் பையன் போல ஆகிவிட்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. எழுந்தால் விழித்துவிடுவார் என்று அசையாமல், அந்தக் கைக்குத் தெரியும்படி கொஞ்சம் பெரிதாகவே மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தேன்.